குன்றும் மலையாகும்: உயர்வு நவிற்சி அணியும் உண்மையும்

(திருக்கோயில் சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புதுக்கோட்டை மாவட்டத்தில், கீரனூர்ப் பகுதியில் அமைந்துள்ள குன்றாண்டார்கோவில், தன் பெயரிலேயே ஓர் இலக்கணப் பாடத்தை வைத்திருக்கும் திருத்தலமாகும். குன்றாண்டார் என்னும் தமிழ்ப் பெயர், குன்றின்கண் எழுந்தருளி ஆட்கொள்ளும் ஆண்டவர் என்னும் பொருளது. அப்பெருமானுக்கே வழங்கும் வடமொழிப் பெயர் பருவதகிரீசுவரர் என்பது. பருவதம் என்றாலும் மலை. கிரி என்றாலும் மலை. ஆயின் அன்பர்கள் கண்ணாரக் காண்பதோ வானளாவிய மலையன்று. ஒரு பாறைக் குன்றே. தமிழ்ப் பெயர் உள்ளதை உள்ளவாறு கூறிற்று. வடமொழிப் பெயரோ, சிறு குன்றினை மலை என்று ஒருமுறைக்கு இருமுறை அழைத்தது. இவ்விரண்டனுள் எது மெய்? எது பொய்?

இவ்வினா எளிதாகத் தோன்றினும் எளிதன்று. பள்ளியில் பயிலும் பிள்ளை, தலபுராணத்தைப் படித்துவிட்டுத் தந்தையிடம், "இவையெல்லாம் நடந்தனவா?" என்று கேட்கின்றது. எல்லாம் எழுத்துக்கு எழுத்து நடந்தன என்று தந்தை சொன்னால், அறிவு வளர வளரப் பிள்ளையின் நம்பிக்கை தளரும். எல்லாம் கட்டுக்கதை என்று சொன்னால், அப்பிள்ளை தன் முன்னோர் அனைவரையும் பொய்யர் என்று எண்ணும். இவ்விரு வழியும் தவறு என்பதையும், மூன்றாவதாக ஒரு வழி தமிழ் இலக்கணத்திலேயே உண்டு என்பதையும் ஈண்டுக் காணலாம். அவ்வழியின் பெயர் உயர்வு நவிற்சி அணி.

அணியிலக்கணம் கூறுவது

தமிழில் அணிகளை விரித்துரைக்கும் நூல்களுள் தலையாயது தண்டியலங்காரம். இது 12ஆம் நூற்றாண்டினது என்பர். இதற்கு முதல்நூல், வடமொழியில் தண்டி என்னும் பெரும்புலவர் இயற்றிய காவியாதரிசம். அப்பெரும்புலவர் பல்லவர் ஆண்ட காஞ்சியோடு தொடர்புடையவர். ஏழாம் நூற்றாண்டின் இறுதியிலும் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர் என்பது அறிஞர் கொள்கை. குன்றாண்டார்கோவிலின் குடைவரையும் பல்லவர் காலத்தது. எட்டாம் நூற்றாண்டில் குடையப்பட்டது என்பர். ஆகவே பாறையில் உளி பேசியதும், ஏட்டில் எழுத்தாணி அணியிலக்கணம் வரைந்ததும் ஏறக்குறைய ஒரே காலம் என்று கொள்ளலாம்.

உயர்வு நவிற்சியைத் தண்டியலங்காரம் 'அதிசயம்' என்று பெயரிட்டு அழைக்கின்றது. இங்கே கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. வடநூலார், உலகின் எல்லையைக் கடந்து ஒரு பொருளின் சிறப்பைக் கூறுவதே இவ்வணி என்றும், அணிகளுள் இதுவே சிறந்தது என்றும் கூறினார். தமிழ் நூலாரோ, புலவன் தன் மனத்துக்கு உவந்த பொருளின் அழகைக் கூறும்போது அக்கூற்று உலகின் வரம்பைக் கடவாமலும், சான்றோர் வியக்குமாறும் அமைதல் வேண்டும் என்றார். முதல்நூல் 'கடந்து' என்றது. வழிநூல் 'கடவாது' என்றது. தமிழ்ச் சான்றோர் மிகைக்கும் ஓர் அளவு வைத்தனர்.

வரம்பு கடவாத மிகை என்றால் என்ன? தண்டியலங்காரம் அதிசய அணியைப் பொருள், குணம், தொழில், ஐயம், துணிபு, திரிபு என ஆறாக வகுக்கின்றது. களத்தில் குவிந்த ஒரு நெற்குவியலைக் கொண்டே இவ்வாறனையும் விளங்கிக்கொள்ளலாம்.

களம் கொள்ளாமல் குவிந்த நெல் வானத்தைத் தொட்டது என்றால், அது பொருள் அதிசயம். அந்நெல்லின் பொன்னிறத்தால் நள்ளிரவிலும் விளக்கு வேண்டாமல் களம் ஒளிர்ந்தது என்றால், குண அதிசயம். அந்நெல்லை அளந்து அளந்து மரக்கால் தேய்ந்து நாழி ஆயிற்று என்றால், தொழில் அதிசயம். இது நெற்குவியலோ பொன்மலையோ என்று வழிப்போக்கர் திகைத்தனர் என்றால், ஐய அதிசயம். இது நெல்லே, பொன்மலைக்குப் பசியாற்றும் ஆற்றல் இல்லையே என்று தெளிந்தனர் என்றால், துணிபு அதிசயம். பொன்மலை என்றே மயங்கி உரைகல்லோடு ஓடி வந்தனர் என்றால், திரிபு அதிசயம்.

இவை ஆறும் நடவாதவை. ஆயினும் இவற்றைக் கேட்பவர் எவரும் ஏமாறுவதில்லை. அவ்வாண்டு விளைச்சல் மிகுதி, உழவர் உள்ளத்தில் மகிழ்ச்சி மிகுதி என்னும் உண்மைகளே செவியில் ஏறுகின்றன. களத்தில் உண்மையாகவே நெல் இருந்தது, அதுவே வரம்பு. களம் வெறுமையாய்க் கிடக்க, மரக்கால் தேய்ந்தது என்று ஒருவன் சொன்னால், அது அணியன்று, பொய்.

குற்றமும் அணியும்

பவணந்தி முனிவரின் நன்னூல், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைத் தொகுத்துரைக்கின்றது. அவற்றுள் முதலாவது குன்றக் கூறல். இரண்டாவது மிகைபடக் கூறல். கருதிய பொருளுக்கு வேண்டிய சொற்களில் குறைவு நேர்வதும் குற்றம். அவை அளவின் மிகுவதும் குற்றம். அவ்வாறாயின், ஓரிடத்தில் குற்றமாகிய மிகை மற்றோரிடத்தில் அணியாவது எங்ஙனம்?

நூல் என்பது அறிவு கொளுத்துவது. மருத்துவன் தரும் மருந்து போன்றது. அங்கே அளவு மாறினால் கேடு. செய்யுள் என்பது உணர்வை எழுப்புவது. திருவிழாவில் ஒலிக்கும் நாகசுரம் போன்றது. அருகில் நிற்போர்க்கு மட்டும் கேட்கும் அளவில் நாகசுரத்தை வாசித்தால் திருவிழா சிறக்குமா? ஆகவே இடம் அறிந்து மிகுத்தல் அணி. இடம் அறியாது மிகுத்தல் குற்றம்.

ஒரே கல்லில் இரு மொழி

இவ்வேறுபாட்டை ஒரே இடத்தில் கண்டு தெளிய விரும்புவோர், கோயில் கல்வெட்டுகளைப் படித்தல் வேண்டும். புதுக்கோட்டை வட்டாரம் கல்வெட்டுகளுக்குப் பெயர் பெற்றது. புதுக்கோட்டைச் சமத்தானமே தன் எல்லைக்குட்பட்ட கல்வெட்டுகளைத் தொகுத்து 1929ஆம் ஆண்டில் அச்சிட்டது.

சோழர் காலத்துக் கல்வெட்டுகள் பலவற்றின் தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி என்னும் பகுதி அமைந்திருக்கும். 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன் காலத்தில் இவ்வழக்கம் நிலைபெற்றது. மெய்க்கீர்த்தியில் மன்னன் மண்ணுலகத்து மனிதனாகவே தோன்றுவதில்லை. திருமகள் அவனுக்கு உரியவள். நிலமகளும் அவனுக்கே உரியவள். பகைவர் அவன் பெயர் கேட்டே நடுங்குவர். மிகை அங்கே அரியணை ஏறி அமர்ந்திருக்கும்.

அப்பகுதி முடிந்தவுடன் நடை முற்றும் மாறிவிடும். கோயிலுக்கு விட்ட நிலம் எவ்வளவு என்று கூறவரும்போது, வேலி, மா, காணி, முந்திரிகை எனக் கணக்கு இறங்கிக்கொண்டே செல்லும். முந்திரிகை என்பது ஒன்றில் 320இல் ஒரு பங்கு. அதற்கும் கீழே கீழ்முந்திரிகை என்று ஒன்று. அது அம்முந்திரிகையை மேலும் 320 கூறாக்கியதில் ஒரு கூறு. கிழக்கெல்லை எந்த வாய்க்கால், தெற்கெல்லை எவருடைய நிலம், விளக்குக்கு நாள்தோறும் எவ்வளவு நெய், அமுதுக்கு எத்தனை நாழி அரிசி என்பவை ஓர் அணுவும் கூடாமல் குறையாமல் பொறிக்கப்பட்டிருக்கும்.

அரசனைப் பாடும்போது கடலையும் மலையையும் வாரி இறைத்த அதே முன்னோர், கோயிற் சொத்தை எழுதும்போது ஒரு பிடி நெல்லையும் மிகுத்து எழுதவில்லை. எங்கே மிகை தகும், எங்கே தகாது என்பதை அவர்கள் தெளிவாக அறிந்திருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. மெய்க்கீர்த்தியிலும் வரம்பு உண்டு. முதலாம் இராசேந்திரன் மெய்க்கீர்த்தி கடாரம் வென்றதைப் புகழ்கின்றது. அப்புகழ்ச்சிக்கு அடியில் 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த கடற்படையெடுப்பு என்னும் உண்மை கிடக்கின்றது. வரலாற்றறிஞர் மெய்க்கீர்த்தியைத் தூக்கி எறிவதில்லை. உமி நீக்கி அரிசி கொள்கின்றனர்.

தானத்தின் இறுதியில் மிகை மீண்டும் வந்து நிற்கும். இவ்வறம் சந்திரனும் சூரியனும் உள்ளவரை நிற்பதாக என்பர். இதற்குத் தீங்கு செய்தவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தை எய்துவான் என்பர். இவற்றின் பயன் என்ன? ஓலையையும் கல்லையும் காவல் காக்க எல்லாக் காலத்தும் வீரர் இரார். பின்வருவோரின் மனச்சான்றையே காவலாக நிறுத்த வேண்டியிருந்தது. அதற்கு அளந்த சொல் போதாது. ஆகவே மிகுத்த சொல்லை அழைத்தனர்.

குன்றாண்டார்கோவில் குடைவரையிலும் நந்திவர்மன், தந்திவர்மன் என்னும் பல்லவ மன்னர் பெயர் தாங்கிய கல்வெட்டுகள் உள்ளன. தந்திவர்மன் காலத்தில் வாலி வடுகன் என்னும் தலைவன் இவ்வூர்ப் பகுதியில் ஓர் ஏரி வெட்டிய செய்தி கல்வெட்டால் தெரிகின்றது. அவனுக்குக் கலிமூர்க்க இளவரையன் என்று ஒரு சிறப்புப் பெயரும் உண்டு. கலியோடு பகைத்து நின்றவன் என்பது அதன் கருத்து. மிகையான பட்டந்தான். ஆயினும் வறண்ட நிலத்தில் நீர் தேக்கியவன், கலி என்னும் வறுமையை எதிர்த்தவனே அல்லனோ? திருவெள்ளறையில் அதே மன்னன் காலத்தில் தோண்டிய கிணறு, மார்ப்பிடுகு பெருங்கிணறு என்று பெயர் பெற்றது. பிடுகு என்பது இடி. இடியின் பெயரைத் தாங்கிய அக்கிணறு ஊருக்கு நீர் தந்தது. பட்டம் பெரிதாக இருக்கலாம். அதன் அடியில் ஓர் ஏரியோ கிணறோ இருத்தல் வேண்டும்.

செயலிலும் ஓர் உயர்வு நவிற்சி

சொல்லில் மட்டுமன்றிச் செயலிலும் உயர்வு நவிற்சி உண்டு. புதுக்கோட்டைக்கு அண்மையில், சிவகங்கை மாவட்டத்தில் உள்ள பிரான்மலையே பாரி ஆண்ட பறம்பு மலை என்பர். பற்றிப் படரக் கொழுகொம்பு இன்றித் தளர்ந்த முல்லைக்கொடிக்குப் பாரி தன் தேரையே ஈந்தான் என்பதைச் சிறுபாணாற்றுப்படை முதலிய சங்க நூல்கள் போற்றுகின்றன. ஒரு கொடிக்கு ஒரு கழி போதும், தேர் வேண்டுவதில்லை. கணக்கறிந்தோர் பாரியை நகைத்திருப்பர். ஆனால் தன் அருளுக்குக் கணக்கு இல்லை என்பதை அவன் அச்செயலாலேயே கூறிவிட்டான்.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூரில் அரசு வீற்றிருந்த இடங்கழி நாயனார் வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியுள்ளார். அடியார்க்கு அமுதளிக்க நெல் இன்றி வருந்திய தொண்டர் ஒருவர், அரசரின் நெற்பண்டாரத்தில் நள்ளிரவில் புகுந்து நெல் எடுத்தார், காவலரிடம் அகப்பட்டார். காரணம் கேட்டறிந்த மன்னர் அவரைத் தண்டிக்கவில்லை. அத்தகையவரே தமக்கு உண்மையான பண்டாரம் என்று கருதியதோடு, சிவனடியார் நெல்லை மட்டுமன்றி நிதியையும் கொள்ளை கொள்க என்று பறையறையச் செய்தார். எந்த அரசியல் நூலும் இதனை ஒப்பாது. ஆயினும் பசித்தவன் உணவு, சட்டத்தின் பூட்டைவிடப் பெரிது என்னும் உண்மையை உலகுக்கு உரைக்க இத்துணைப் பெரிய செயல் வேண்டியிருந்தது.

கம்பர் கோசல நாட்டை வருணிக்குமிடத்தில், அங்கே வறியவர் இன்மையால் வள்ளன்மை என்பதற்கே இடமில்லை என்று பாடினார். அத்தகைய நாடு எங்கும் இருந்ததில்லை. ஆயினும் எந்த நாடும் அத்தகையதாக ஆகவேண்டும் என்று எவர் உள்ளம் விழையாது? உயர்வு நவிற்சி, உள்ளதைப் பெருக்கிக் காட்டுவதோடு அமையாது, ஆகவேண்டியதையும் சுட்டிக் காட்டும்.

மிகையின் தீமை

இவ்வளவும் கேட்டபின், மிகை எல்லாம் நன்றே என்று எவரும் எண்ணிவிடலாகாது. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குதல் என்பது ஊர்வழக்கு. பிறர் குற்றத்தை இவ்வாறு பெருக்குவோரால் குடும்பங்கள் பிரிந்தன, ஊர்கள் இரண்டுபட்டன. இங்கே பெருக்குபவன் தான் பெருக்குவதை மறைக்கின்றான். கேட்பவன் அதை உள்ளபடியே கொள்கின்றான். அணிக்கும் பொய்க்கும் உள்ள எல்லைக்கோடு இதுவேயாகும். அணியில் சொல்வோனும் கேட்போனும் மிகையை அறிந்தே உடன்படுகின்றனர். பொய்யில் ஒருவன் அறிகின்றான், மற்றவன் அறியான். எவ்வுயிர்க்கும் தீமை பயவாத சொல்லே வாய்மை என்று வள்ளுவர் வகுத்த இலக்கணத்தின்படி, உழவனின் நெற்குவியல் வாய்மையின்பாற்படும்; ஊர்வம்பு படாது. தன்னைத்தான் புகழ்தலுக்கு நன்னூல் நான்கு இடங்களை மட்டுமே ஒதுக்கியது. அவற்றுக்குப் புறம்பாக, முற்றக் கற்றவனுக்கும் தற்புகழ்ச்சி தகுதியன்று என்றது.

திருக்கோயில்களைப் பற்றியும் இவ்வெச்சரிக்கை வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் 1010ஆம் ஆண்டில் முதலாம் இராசராசன் எடுப்பித்து முடித்த பேரற்புதம். அதன் விமான நிழல் தரையில் விழாது என்று பலரும் கூறுவர். கைப்பேசி வழியாகவும் பரப்புவர். மாலை வேளையில் அங்கே சென்று நின்றால் நிழல் தரையில் நீண்டு கிடப்பதை எவரும் காணலாம். விமானத்தின் பெருமையை வியந்து எவரோ கூறிய புகழுரையாக அது பிறந்திருக்கலாம். அதனை அறிவியல் உண்மையாக நாட்ட முற்பட்டபோது அணி பொய்யாயிற்று. நிழலைக் கண்ணாரக் கண்ட பிள்ளை, அக்கோயிலைப் பற்றிய மெய்யான செய்திகளையும் ஐயுறத் தொடங்கும். உண்மையே போதிய பெருமை உடையதாக இருக்கும்போது பொய்யைத் துணைக்கு அழைப்பது, பொற்குடத்துக்குப் பித்தளை முலாம் பூசுவதாகும்.

அதுபோலவே, எட்டாம் நூற்றாண்டுக் குடைவரையைப் பத்தாயிரம் ஆண்டுப் பழமையது என்று கூறுவதில் பெருமை ஏதும் இல்லை. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக ஒரு பாறைக்குள் விளக்கு எரிவதற்கு எத்தனை தலைமுறையினர் எண்ணெய் வார்த்திருப்பர் என்று எண்ணிப் பார்த்தாலே நெஞ்சம் நெகிழும். பெயரில் மிகை இருக்கலாம், கணக்கில் இருத்தலாகாது. மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள தூண்கள் 985. பெயர் ஆயிரம் என்கின்றது. எண்ணினால் 985 என்று உரைப்பதில் எவர்க்கும் நாணமில்லை. இரண்டும் அதனதன் இடத்தில் உண்மை.

மிகையே இல்லாத ஓரிடம்

இனித் தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வரலாம். குன்றாண்டாரைப் பருவதகிரீசுவரர் என்றது மிகையா?

அடியையும் முடியையும் தேடிய திருமாலும் நான்முகனும் காணாது நின்ற வரலாற்றைத் தேவார ஆசிரியர்கள் பல பதிகங்களில் பாடியுள்ளனர். அது அளவுகருவிகள் தோற்ற கதை. அளவில்லாத ஒரு பொருளை எத்துணைப் பெரிய சொல்லால் புகழ்ந்தாலும் அப்புகழ்ச்சி அதனைக் கடவாது. பாரியைப் புகழலாம், மிகையாகும். மன்னனைப் புகழலாம், மிகையாகும். இறைவனைப் புகழும்போது மட்டும், மிகைபடக் கூறல் என்னும் குற்றம் நேரவே நேராது. நேர்வதெல்லாம் குன்றக் கூறலே. ஒரு மலைப் பெயர் போதாது என்று கருதியே போலும், முன்னோர் பருவதம் என்றும் கிரி என்றும் இரு மலைகளை அடுக்கினர். அவையும் போதா. அது தெரிந்தோர், குன்று என்னும் சிறுசொல்லே அமையும் என்று விட்டனர். ஆகவே இரு பெயரும் மெய்யே. ஒன்று கல்லின் அளவைக் கூறிற்று. மற்றொன்று அக்கல்லின்முன் நின்ற நெஞ்சின் அளவைக் கூறிற்று.

இத்தலத்தில் குடைவரையின் முன்னே, விசயநகரர் காலத்தில் எழுப்பப்பட்ட மண்டபம் தேர் வடிவில் அமைந்துள்ளது. கல்லால் ஆன சக்கரங்கள் உண்டு. இழுத்துப் பாயும் கல் குதிரைகள் உண்டு. அத்தேர் ஓர் அடியும் நகர்ந்ததில்லை. அதில் ஏறி அமர்ந்தால் கீரனூர் சென்று சேரலாம் என்று எவரும் கருதியதும் இல்லை. ஓடாத தேரை வடித்த சிற்பியைப் பொய்யன் என்று எவரும் பழித்ததும் இல்லை. பெருமான் எழுந்தருளி வருகின்றான் என்னும் மெய்யுணர்வைக் கல்லில் காட்ட அச்சிற்பி சக்கரம் பூட்டினான். புலவர் சொல்லில் பூட்டும் சக்கரமே உயர்வு நவிற்சி.

தலபுராணத்தைக் கையில் ஏந்தி வினவும் பிள்ளைக்கு இனி விடை கூறுவது அரிதன்று. "இது கணக்கு எழுதிய ஏடு அன்று, அன்பு எழுதிய ஏடு. கணக்கு வேண்டுமாயின் சுவரிலே கல்வெட்டு இருக்கின்றது, அதனையும் படி. இரண்டையும் படித்தவனே கோயிலை முழுமையாகக் கண்டவன்" என்று கூறுக.

அளவறிந்து பேசுவோமாயின் சொல் தழைக்கும். அன்பறிந்து பேசுவோமாயின் உள்ளம் தழைக்கும். குன்றாண்டார் திருவருளால் இவ்விரண்டும் யாவர்க்கும் கூடுக.

திருச்சிற்றம்பலம்.